அடகுக்குப் போகாத சாமான்

அடகுக் கடைக்கு வந்து, "இதெல்லாம் நாங்க எடுக்கிறதில்ல" என்ற பதிலைக் கேட்டுவிட்டு, முகமெல்லாம் மலர்ந்து திரும்பிப் போன ஒரே ஒருத்தியைத்தான் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த நீள வரிசைக் குடியிருப்பில், எங்களுக்கு அடுத்த காம்பராக்காரி. எனக்கு அத்தை முறை. இரத்த உறவு ஒன்றும் கிடையாது. ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்தால் முறை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. இலங்கை மலையகத்தின் பதுளைக் கடைவீதியில் ஓர் அடகுக் கடையில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் முதல் பஸ் ஆட்களை இறக்கிவிட்டால் போதும், கடை நிறைந்துவிடும். அன்று அந்தக் கூட்டத்தில் அத்தையும் நின்றாள். கையில் சங்கிலி இல்லை, தோடு இல்லை. பழைய சேலைத் துணியில் சுற்றிய ஒரு நீளப் பெட்டி. தன் முறை வந்ததும் அதை மேசைமேல் வைத்துத் திறந்தாள். உள்ளே ஒரு வயலின்.

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"என்னம்மா இது?"

"பிடிலுங்க. இத வச்சா என்னா குடுப்பீங்க?"

"இதெல்லாம் நாங்க எடுக்கிறதில்லம்மா. தங்கம் மட்டுந்தான்."

"கொஞ்சங்கூடக் குடுக்க மாட்டீங்களா?"

"மாட்டோம்."

"வேற கடையில?"

"பதுளையில ஒருத்தனும் எடுக்க மாட்டான். பண்டாரவளைக்குப் போனாலும் எடுக்க மாட்டான். வேணும்னா எழுதியே தாரேன்."

"எழுதயெல்லாம் வேணாங்க. நீங்க வாயால சொன்னதே போதும்." பெட்டியை மூடினாள். "எங்க வீட்டுக்காரரு ஒருநாளைக்கி இதத் தூக்கிக்கிட்டு வருவாரு. அவருகிட்டயும் இதே மாதிரி சொல்லிருங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கணக்கைப் பார்த்தேன். அத்தை சொன்னபடியே கொஞ்ச நாளில் மாமா அந்தப் பெட்டியோடு வந்தார். முதலாளியும் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். போகிற வழியில் சாராயக் கடையிலும் மாமா கேட்டுப் பார்த்திருக்கிறார். கால் போத்தலுக்குக்கூட அதை வாங்க ஆள் இல்லை. பெட்டியைத் திரும்ப மலை ஏற்றிக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தவர், "சனியன், பாரம் வேற" என்றார். அத்தை அன்று பூராவும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் லயத்துத் தங்கத்துக்கெல்லாம் பதுளைக்கு வழி தெரியும். காது குத்தும்போது போட்ட கம்மல், பெரியவளானபோது வாங்கிய தோடு, கல்யாணச் சங்கிலி எல்லாமே ஒரு காய்ச்சலுக்கோ ஒரு சாவுக்கோ பஸ் ஏறிவிடும். அவற்றுக்குப் பேர் எழுதிய துண்டு கட்டி இரும்புப் பெட்டியில் போட்டவன் நான். என் அம்மாவின் சங்கிலியையும் நானேதான் கட்டிப் போட்டேன். அது திரும்ப வரவில்லை. அந்த வேலையில் எனக்கு வெட்கமும் இருந்தது, சம்பளமும் இருந்தது. வெட்கம் சம்பளத்தை ஒன்றும் செய்துவிடவில்லை.

அத்தை கண்டுபிடித்தது இதைத்தான்: விலை உள்ள பொருளாக இருக்க வேண்டும், ஆனால் அந்த விலை பதுளையில் யாருக்கும் தெரியக் கூடாது. புருஷன் விற்க முடியாது. சொந்தக்காரி, "ஒரு கல்யாணத்துக்குப் போட்டுட்டுத் தாரேன்" என்று கேட்க முடியாது. பிடிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எந்தக் கல்யாணத்துக்குப் போவது? சும்மா பத்திரமாக வைத்திருந்தால் போதும், வருஷம் போகப் போக விலை தானாக ஏறும். இந்த ஞானத்தை அவள் எங்கே பிடித்தாள் என்று நான் கேட்டதற்கு ஒருமுறை சொன்னாள்.

கல்யாணத்துக்கு முன்னால் பெரிய பங்களாவில் வேலைக்கு நின்றாளாம். கடைசி வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு சீமைக்குத் திரும்பிய சமயம். "பியானோவ விட்டுட்டுப் போனாங்க. காரை விட்டுட்டுப் போனாங்க. நாயக்கூட விட்டுட்டுத்தான்டா போனாங்க, அது வாசல்லயே கெடந்து அழுதுச்சு. ஆனா தொரைசானி பிடில் பெட்டிய மட்டும் யாருகிட்டயும் குடுக்கல. மடியில வச்சுக்கிட்டுதான் வண்டியில ஏறுனா. எங்க தாத்தா வாங்குனது, இன்னும் பழசாகப் பழசாக வெலதான்னு சொன்னா. நாய விட்டவ இத விடலன்னா யோசிக்க வேணாமா?"

யோசித்தாள். யோசித்து, வருஷக்கணக்காகக் காத்திருந்தாள். அரசாங்கம் எடுத்திருந்த தோட்டங்கள் திரும்பக் கம்பெனிகளின் கைக்குப் போன சமயம், மலை உச்சியில் துரைமார் குடித்துக் கும்மாளமிட்ட பழைய கிளப்பைக் காலி செய்தார்கள். பீங்கான், நாற்காலி, கண்ணாடி எல்லாம் விலைக்கு வந்தன. தீபாவளி முன்பணம் கையில் வந்திருந்த வாரம். எங்கள் ஆட்கள் போய் நாற்காலி வாங்கினார்கள், கோப்பை வாங்கினார்கள். அத்தை முன்பணம் முழுவதையும் கொடுத்து, யாரும் ஏறிட்டுப் பார்க்காத அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தத் தீபாவளிக்கு அவள் மகள் பழைய சட்டையோடுதான் கோயிலுக்கு வந்தாள்.

என் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பச்சப் புள்ளைக்கி ஒரு சட்ட எடுக்காம இந்தப் பொட்டி எதுக்குடி? ஒனக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாது மதினி. சட்ட அடுத்த வருசம் சின்னதாயிரும். இது அடுத்த வருசம் இன்னும் பழசாயிரும்."

"பழசானா?"

"பழசாகட்டும். அதான் வேணும்."

பழசாகட்டும். அத்தையின் வாயில் எதற்கெடுத்தாலும் இந்த வார்த்தைதான். லயத்தில் மற்ற எல்லாரும் பழசாவதற்குப் பயந்தார்கள். கூரைத் தகரம் பழசானால் ஒழுகும், உடம்பு பழசானால் பறிக்கிற கொழுந்தின் நிறை குறையும். அத்தை மட்டும் கூடையை இறக்கிவைத்த கையோடு பெட்டியைத் திறந்து பார்த்து, "பழசாகட்டும்" என்று மூடுவாள். மலையில் மழைக்காலம் பிடித்தால் சுவரே வியர்க்கும், செருப்பில் காளான் பூக்கும். அதில் மரச்சாமானைக் காப்பாற்ற அவள் ஒரு வழி வைத்திருந்தாள். மாதாமாதம் தோட்டத்தில் கிடைக்கிற தேயிலைத் தூளை வெறுஞ்சட்டியில் வறுத்து, சின்னத் துணிப் பைகளில் கட்டி, பெட்டிக்குள் போட்டுவிடுவாள். தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நமத்துப் போனால் திரும்ப வறுப்பாள். அதனால் அத்தை வீட்டில் யாருக்கும் தேத்தண்ணி கிடையாது. "பிடிலுக்குத் தேயிலை, புருசனுக்குப் பச்சத்தண்ணி" என்று மாமா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அதில் பொய் இல்லை.

ஒரு மழைக்கு வெள்ளம் காம்பராவுக்குள்ளேயே வந்தது. பெட்டியைத் தரையிலிருந்து தூக்க வேண்டுமென்று அத்தை சுவரில் பெரிய ஆணி ஒன்று அடித்தாள். காரை பெயர்ந்து அடுத்த பக்கம் எங்கள் அடுப்பில் விழுந்தது. விஷயம் எப்படியோ மேலே போனது. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை ஆளோடு வந்தார்.

"யாரக் கேட்டு ஆணி அடிச்சீங்க?"

"யாரக் கேக்கணும்? நான் குடியிருக்கிற சொவருங்க."

"கம்பெனிச் சொவரு. பெரிய தொரைகிட்ட கேக்காம ஒரு குண்டூசி குத்தக் கூடாது. புடுங்குடா."

கூட வந்தவன் பிடுங்கினான். அத்தை கையை நீட்டி, "ஆணி என்னுதுங்க. அதக் குடுத்துட்டுப் போங்க" என்று வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்றிலிருந்து பெட்டி கட்டிலில் படுத்தது. மகள் தரையில் படுத்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. சொல்லியும் பார்த்தேன். "புள்ள நனைஞ்சா தொடச்சுக்கிரலாம்டா" என்றாள். அந்தப் பதில் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை.

வயலினுக்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கிறது என்று முதலில் சொன்னவர் கொழும்பிலிருந்து வந்தவர். பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வயலின்களைத் திருத்த அவ்வப்போது வருவார். சிங்களவர், தமிழ் தெரியாது. என் முதலாளியின் மகள் அங்கே படித்ததால் எனக்கு விஷயம் தெரிந்தது. அத்தையையும் பெட்டியையும் கூட்டிப் போனேன். நடுவில் மொழிபெயர்த்தவன் நான்தான். அவர் வயலினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜெர்மனியில் செய்தது, நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும், நல்ல கை என்றார். இப்போதே வாங்கிக்கொள்ளத் தயார் என்று ஒரு விலை சொன்னார். நான் மொழிபெயர்க்கும்போது எனக்கே நாக்குத் தடுமாறியது.

"இன்னும் வச்சிருந்தா?" என்று கேட்கச் சொன்னாள் அத்தை.

வைத்திருந்தால் ஏறும் என்றார். ஒன்றும் செய்யாமல், உள்ளபடி வைத்திருக்கச் சொன்னார்.

"அப்ப பழசாகட்டும்னு சொல்லு."

அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல், "பிறகு பார்க்கலாமாம்" என்றேன்.

வயலின் அவளுக்குத் தைரியத்தைக் கொடுத்தது. அந்தத் தைரியத்தில் அவள் செய்த அடுத்த காரியம் லயத்தையே இரண்டாக்கியது. தோட்டத்து ஆஸ்பத்திரி டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். குடும்பத்தோடு கனடா போகிறார் என்று பேச்சு வந்தது. அவர் மனைவி டாக்டரம்மாவிடம் ஒரு வீணை இருந்தது. மகள் பெரியவளானால் தோடு வாங்க என்று அத்தை போட்டுவந்த சீட்டு அந்த மாதம்தான் விழுந்திருந்தது. மகளும் அப்போதுதான் பெரியவளாகிக் குச்சுக்குள் உட்கார்ந்திருந்தாள். அத்தை சீட்டுப் பணத்தோடு ஆஸ்பத்திரிக் குவாட்டர்சுக்குப் போனாள். வீணையைத் தூக்க நான் துணைக்குப் போனேன்.

"உமக்கு வாசிக்கத் தெரியுமே?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"தெரியாதுங்கம்மா."

"மகளுக்குப் பழக்கப் போறீரோ?"

"இல்லைங்கம்மா. வச்சிருக்க."

டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. ஆனால் பிளேனில் கொண்டுபோக வழியில்லை, வாங்க வேறு ஆளும் வரவில்லை. "இது ஏகாண்ட வீணை. ஒரே பலாமரத்தில குடைஞ்சது, ஒட்டு ஒண்டும் இல்லை. என்ர அம்மா தஞ்சாவூரிலயிருந்து எடுப்பிச்சது" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், ஒரு விலை சொன்னார். அத்தை பேரம் பேசவில்லை. சொன்ன விலையை எண்ணி வைத்தாள். வாசலைத் தாண்டும்போது டாக்டரம்மா அழுதது கேட்டது. அத்தை திரும்பிப் பார்க்கவில்லை.

மகளுக்குச் சடங்கு நடந்தது, தோடு இல்லாமல். மாமா குடித்துவிட்டு வந்து லயத்து வாசலில் நின்று கத்தினார். வந்திருந்த பொம்பிளைகள் ஒருத்திக்கொருத்தி கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். மகள் அம்மாவிடம் ஒரு மாதம் பேசவில்லை. பிறகு பேசிய முதல் வார்த்தையே இதுதான்: "நான் செத்தா அந்த வீணையத் தூக்கிக்கிட்டு அழுவீங்களா?"

"நீ ஏன்டி சாகுற? நீ படி" என்றாள் அத்தை.

இதை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் எங்கள் லயத்தில் அந்தக் காலத்தில் பெரியவளான மற்றப் பிள்ளைகளின் தோடுகளும் எனக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் நான்தான் துண்டு கட்டினேன்.

இத்தனையும் எதற்கு என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு மட்டும் தெரியும், அதுவும் தற்செயலாக. பதுளைக்குப் பக்கத்து ஊரான ஹாலிஎலவில் அவளுடைய தங்கச்சி வீடு. அங்கே போய்வரும்போதெல்லாம் ரயில் பாதைக்கு மேலே சரிவில் கிடந்த ஒரு துண்டு நிலத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். ஒருமுறை நானும் கூட இருந்தேன். ஈரப்பலா மரம் ஒன்று, கீழே பீலியில் விழும் ஊற்றுத் தண்ணி. "இந்த எடத்துல மழ பேஞ்சா தண்ணி நிக்காது பாரு, ஓடிரும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பரம்பரை பரம்பரையாகத் தோட்டத்தில் உழைத்தும் கால் வைக்க ஒரு சாண் சொந்த மண் இல்லாத சனம் நாங்கள். அந்த வாக்கியத்துக்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

வருஷங்கள் போயின. மகள் உயர்தரம் வரைக்கும் படித்துத் தேறி, ஆசிரியர் வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தாள். மாமா முதுகு போய் எப்போதோ வேலையிலிருந்து நின்றுவிட்டார். அந்தக் காம்பராவில் தோட்டத்து வேலைப் பதிவில் இருந்த பேர் அத்தையுடையது மட்டும்தான். அவளுக்கும் ஓய்வு வயது வந்தது. கணக்கப்பிள்ளை வந்தார், அதே ஆள், தலை மட்டும் நரைத்திருந்தது.

"ஒங்க பேரு வெட்டுனதும் காம்பராவ விட்டுறணும். ஆபீஸ்ல சொல்லியாச்சு. இல்லாட்டி மகளப் பேர் பதியச் சொல்லுங்க. வார மாசத்துலயிருந்து காலையில பெரட்டுக்கு வந்து வேலைக்கி நிக்கட்டும்."

அவர் போனதும் மகள்தான் சொன்னாள், "நான் பேர் பதியுறேன்மா. வேல கெடைக்கிற வரைக்குந்தானே."

"எங்கம்மாவும் அப்படித்தான்டி சொல்லிப் பதிஞ்சா. நானும் அப்படித்தான் பதிஞ்சேன். இந்தக் காம்பராவுக்கு இன்னொரு பொம்பளைய நான் குடுக்கிறதா இல்ல."

பழசாக வேண்டியது பழசாகிவிட்டது என்று அவள் முடிவு செய்த நாள் அது. கொழும்பு ஆளுக்குச் சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் பதுளை வருவதாகவும், வீட்டுக்கே வந்து பார்ப்பதாகவும் பதில் வந்தது. ஹாலிஎல நிலத்துக்காரர் மாத முடிவு வரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார். ஓய்வுக்குக் கிடைக்கும் சேமலாப நிதிப் பணம் வீடு கட்ட, வயலின் பணம் நிலம் வாங்க என்று அத்தை மனக்கணக்குப் போட்டாள். வீணையை இன்னும் பழசாக விடலாம் என்றாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இடையில் தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா வந்தது. எங்கள் பக்கம் திருவிழாவென்றால் கோயில் கதவு, சப்பரம், வாகனம் எல்லாவற்றையும் உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் பூசி மினுக்க வேண்டும். சாமியே ஆனாலும் மினுங்காமல் வெளியே வரக் கூடாது. அந்த வேலை வருஷா வருஷம் மாமாவுடையது. குடிக்காமல் அவர் செய்யும் ஒரே வேலை அது. கைவேலை சுத்தமாக இருக்கும். அந்த வருஷம் டின்னில் கொஞ்சம் வார்னிஷ் மிஞ்சியது.

கொழும்பு ஆள் வந்த அன்று அத்தை பெட்டியைத் திறந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். வயலின் புதுப் பல்லக்கு மாதிரி பளபளத்தது. பழைய மங்கல் நிறம் மருந்துக்கும் இல்லை. மாமா வாசலிலேயே நின்றார். சவரம் செய்து, கோயில் வேட்டி கட்டியிருந்தார்.

"நான்தான்" என்றார். "நீ கோயில்லயே கெடந்த ரெண்டு நாளும் தேச்சேன். அழுக்கெல்லாம் போயிருச்சு. வெல பேச வார நேரத்துல அப்படியே குடுக்கிறதா?"

கொழும்பு ஆள் வயலினை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். அந்தப் பழைய மேல்பூச்சில்தான் பாதிக்கு மேல் விலை இருந்தது. உப்புத்தாள் மரத்தையே தின்றிருக்கிறது. இனி இது படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சாதாரண வயலின். வேண்டுமென்றால் அந்த விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது, மாமாவையும் வைத்துக்கொண்டு. சொன்னேன். எனக்கு மாமாவை அப்படியே பிடித்துக் கீழே பள்ளத்தில் தள்ளிவிடலாம் போல வந்தது.

மாமா அப்படியே குந்திவிட்டார். இத்தனை வருஷம் அந்தப் பெட்டியைக் களவாடப் பார்த்தவர், தன் வாழ்நாளில் அவளுக்கென்று செய்த ஒரே நல்ல காரியம் இதுதான்.

அத்தை வயலினைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "நல்லாத்தான் மினுங்குது" என்றாள். "விக்கலன்னு சொல்லிருடா. ஐயாவ மரியாதையா பஸ் ஏத்தி விட்டுட்டு வா."

மாதம் ஓடிக்கொண்டிருந்தது. லயத்தில் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: மகளைப் பதியச் சொல். அத்தையின் பேரும் வெட்டுப்பட்டுவிட்டது. அது வடக்கில் சண்டை ஓய்ந்திருந்த காலம். வெளிநாட்டில் இருந்தவர்கள் ஊர் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். ஒரு பகல், சேற்றில் தடுமாறி ஒரு வேன் எங்கள் லயத்து முன்னால் வந்து நின்றது. இறங்கியவர் டாக்டரம்மா. முடி முழுக்க வெள்ளை.

"என்ர வீணை இருக்கோ?" என்பதுதான் முதல் பேச்சு.

கட்டிலில் இருந்த வீணையை அத்தை காட்டினாள். டாக்டரம்மா தரையில் பாயில் உட்கார்ந்து அதை மடியில் சாய்த்தார். முறுக்காணிகளைத் திருகிச் சுருதி சேர்த்து, ஒரு தரம் மீட்டினார். அந்தக் காம்பராவில் அத்தனை வருஷம் கிடந்த வீணை அன்றுதான் வாய் திறந்தது. அத்தை அந்தச் சத்தத்தை முதல்முறையாகக் கேட்டாள். டாக்டரம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

"ஒரு வெடிப்பும் இல்லை. எப்பிடி வச்சிருந்தனீர்? தேயிலை மணக்குது."

"வச்சிருந்தங்கம்மா."

"நான் இதைக் கொண்டுபோக வந்தனான். நீர் தந்த காசைத் திருப்பித் தாறன். மேலயும் கொஞ்சம் போட்டுத் தாறன்."

அத்தை ஒரு விலை சொன்னாள். அது ஹாலிஎல நிலத்தின் விலை. ஒரு சதம் கூடுதலும் இல்லை, ஒரு சதம் குறைவும் இல்லை.

"உமக்கென்ன விசரே?" டாக்டரம்மா எழுந்துவிட்டார். "இது என்ர அம்மாவின்ர வீணை!"

"அதனாலதாங்கம்மா அந்த வெல."

"உமக்கு வாசிக்கவும் தெரியாது. உமக்கிது வெறும் மரம்."

"மரந்தாங்கம்மா. அன்னைக்கி நீங்க சொன்ன வெலைக்கி நான் வாய தொறக்காம வாங்குனேன். எம்புள்ள சடங்குக்குத் தோடு இல்ல. மழைக்கி இது கட்டில்ல படுத்துச்சு, அவ தரையில படுத்தா. எங்க வீட்டுல ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சதில்ல. இன்னைக்கி நான் சொல்ற வெலைக்கி நீங்க வாங்குங்க. இல்லாட்டி வேணாம். இன்னும் பழசாகட்டும்."

டாக்டரம்மா வேனில் ஏறினார். வேன் திரும்பிப் போனது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "அத்தே, மாசம் முடியப் போகுது! கேட்டதுல பாதிய வாங்கிக்கிட்டு அனுப்பிருக்கலாம்ல? ஒங்க மகள நாளைக்கிக் கொழுந்துக் கூடை தூக்க வைக்கப் போறீங்களா?" என்று கத்தினேன். மாமா மூலையில் அழுதுகொண்டிருந்தார். மகள் வீணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாதி நெலத்துல எப்புடிடா வீடு கட்டுறது?" என்றாள் அத்தை. குரல் உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் தேயிலை வறுக்கச் சட்டியை அடுப்பில் வைத்தவள், அடுப்பு மூட்ட மறந்துவிட்டுச் சட்டியையே கிண்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அதே வேன் வந்தது. டாக்டரம்மா வாசல்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"நீர் பொல்லாத மனுசி" என்றார்.

"ஆமாங்கம்மா."

"தாரும்."

வீணையை வேனில் ஏற்றும்போது அத்தை தேயிலைப் பைகளையும் கூடவே வைத்தாள். "மாசம் ஒருக்கா வறுத்துப் போடுங்கம்மா."

"கனடாவில ஈரம் இல்லையப்பா. அங்க தேவைப்படாது."

"தேவைப்படாட்டியும் போடுங்க."

டாக்டரம்மா முதல்முறையாகச் சிரித்தார். வேன் வளைவில் மறையும்வரை அத்தை பார்த்துக்கொண்டே நின்றாள். போன தடவை திரும்பியே பார்க்காதவள். பிறகு உள்ளே போய் எங்கள் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். அவள் கையால் நான் குடித்த முதல் தேத்தண்ணி. சாயம் கடுமையாக இருந்தது, அவளைப் போலவே.

ஹாலிஎலச் சரிவில் இரண்டு அறையும் ஒரு குசினியுமாக வீடு எழும்பியது. மகளுக்கு வேலையும் கிடைத்தது, அது வேறு கதை. பால் காய்ச்சிய அன்று எங்கள் லயமே ரயிலேறி வந்திருந்தது. பூசிய சுவர் இன்னும் முழுதாகக் காயவில்லை. எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் அத்தை பெட்டியைத் திறந்து வார்னிஷ் வயலினை எடுத்தாள். இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு ஆணியை எடுத்தாள். துருவேறிய பழைய ஆணி. அன்று கணக்கப்பிள்ளையின் ஆள் பிடுங்கியது. இரண்டையும் மாமாவிடம் நீட்டி, வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரைக் காட்டினாள்.

மாமா சுத்தியலை எடுத்துக்கொண்டு போய், ஆணியைச் சுவரில் வைத்தார். அடிக்கவில்லை. ஆணி வைத்த கை அப்படியே நின்றது. திரும்பி எங்களைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்:

"யாருகிட்டயாச்சும் கேக்கணுமா?"

யாரும் சிரிக்கவில்லை. எங்களில் பாதிப் பேர் மனதில் அதே கேள்விதான் இருந்தது.

"எங்கிட்ட கேளுங்க" என்றாள் அத்தை.

மாமா கேட்டார். "அடிக்கவா?"

"அடிங்க."